அப்பா எழுதிய ட்ரிப் ஷீட்

நான் போட்டு வைத்திருந்த எக்செல் ஷீட்டை அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார். சின்ன வயதில் கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டும்போது பார்த்த அதே முகம். படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல சாப்பாடு எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. ஐந்து ராத்திரி, ஐந்து தேசியப் பூங்கா என்று போட்டிருந்தேன். சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ். யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஐந்தையும் 'மைட்டி ஃபைவ்' என்று சேர்த்துச் சொல்வார்கள். பெயரைக் கேட்டாலே ஒன்றைக்கூட விடக் கூடாது என்று தோன்றிவிடும். கலிஃபோர்னியாவில் எர்வைனிலிருந்து கிளம்பி ஐந்தையும் சுற்றி வீடு திரும்ப 1,500 மைலுக்குப் பக்கம் வருகிறது. அதைக் கிலோமீட்டராக்கிச் சொன்னதும் அப்பா சிரித்தார். "மெட்ராஸ்ல இருந்து டெல்லிக்கே அவ்வளவு வராதுடா. இதுக்கு நடுவுல மலை வேற ஏறப் போறியா?"

அப்பா 22 வருடம் அரசு பஸ் ஓட்டியவர். பெரும்பாலும் தேனி–மூணாறு, போடிமெட்டு வழி. அம்மாவும் அவரும் ஆறு மாத விசாவில் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த ஊரில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், ரோடு. பிடிக்காதது, அதை அவர் ஓட்ட முடியாதது.

"நீ மைல் கணக்கு போட்டிருக்க. மலையில மணிக்கணக்குதான். போடியிலருந்து மூணாறு எழுபது கிலோமீட்டர்கூட இல்ல. நான் எவ்வளவு நேரம் ஓட்டுவேன், சொல்லு?"

இரண்டரை, மூன்று மணி நேரம். தெரியும். முன் சீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை வாந்தி எடுத்திருப்பேன்.

உண்மையில் எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் நண்பர்களோடு சயான் போனபோது அடி வாங்கியிருக்கிறேன். லாஸ் வேகஸில் சாவகாசமாக இட்லி தேடி அலைந்துவிட்டுக் கிளம்பினோம். யூட்டா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது, நெவாடா நேரம் வேறு, யூட்டா நேரம் வேறு. பூங்கா வாசலுக்குப் போனபோது மதியம் ஒன்று. பார்க்கிங் முழுக்க நிரம்பிவிட்டது. ஸ்பிரிங்டேல் ஊருக்குள் காரை எங்கோ விட்டு, வரிசையில் நின்று பஸ் ஏறி, ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினோம். மொத்த சயானும் அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை, 2024 அக்டோபர் 16 புதன் அன்று, முதல் நாள் முழுவதும் கார் மட்டும்தான். 400 மைலை ஓட்டி முடித்து, ஹரிக்கேன் என்ற ஊரில் தூக்கம். புயலின் பெயர்தான், ஆனால் உள்ளூர்க்காரர்கள் 'ஹரிக்கன்' என்றுதான் சொல்கிறார்கள். பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் கேட்ட வாடகையில் இங்கே இரண்டு அறை கிடைத்தது. காலையில் அரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும். "அஞ்சரைக்கு வண்டிய எடுத்துட்டா போச்சு" என்றார் அப்பா. அவருக்கு அது சலுகை நேரம்.

சயானில் ஒரு விசேஷம் உண்டு. சீசனில் உள் பள்ளத்தாக்குக்கு நம் காரை விடமாட்டார்கள். 2000-ம் ஆண்டிலிருந்து இலவச பஸ்தான், பூங்காவே ஓட்டுகிறது. டிக்கெட் கிடையாது என்றதும் அப்பா, "அப்ப கண்டக்டரு?" என்று கேட்டார். கண்டக்டரும் கிடையாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முதல் பஸ் காலை 7 மணிக்கு. நானும் மகளும் அதைப் பிடித்து, குரோட்டோ ஸ்டாப்பில் இறங்கி ஸ்கௌட் லுக்அவுட் வரை ஏறுவதாகத் திட்டம். ஒரு வழி 2 மைல், 1,000 அடிக்கு மேல் ஏற்றம். அதன் கடைசியில் 'வால்ட்டர்ஸ் விகில்ஸ்' என்று பாறையை அடுக்கிக் கட்டிய 21 கொண்டை ஊசி வளைவுகள்.

"போடிமெட்டுல பதினேழு. இதுல நாலு கூட" என்று அப்பா எழுதிக்கொண்டார்.

ஸ்கௌட் லுக்அவுட்டுக்கு மேலேதான் பேர் பெற்ற ஏஞ்சல்ஸ் லேண்டிங். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தி முனை மாதிரியான பாறை முகட்டில் அரை மைல். இரண்டு பக்கமும் பாதாளம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும், குலுக்கல் முறையில்தான் தருகிறார்கள். முந்தைய நாள் குலுக்கல் என்று ஒன்று இருக்கிறது, ஆறு டாலர் கட்டிப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு ஆசை இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தையோடு போகிறவனுக்கு அந்த ஆசை ஆகாது என்று மனைவி சொன்னாள். நான் தனியாகப் போவேன் என்றேன். "அப்ப குழந்தைய சங்கிலிக்குக் கீழ யார் பாத்துக்குவாங்க?" அதோடு அந்த ஆறு டாலர் மிச்சம்.

அப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. கிளட்ச் கால். ஏறுவதில் பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் வலி. அவரும் அம்மாவும் மனைவியும் மெதுவாக ஒன்பது மணிக்குக் கிளம்பி, பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் இறங்கி ரிவர்சைடு வாக் போவார்கள். வர்ஜின் ஆற்றை ஒட்டி, போக வர 2.2 மைல், தளம் போட்ட நல்ல பாதை. அது முடியும் இடத்திலிருந்துதான் நேரோஸ் தொடங்குகிறது. அங்கே பாதையே ஆறுதான், தண்ணீருக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். அக்டோபர் தண்ணீர் எலும்பைக் குத்தும். அதற்கென்றே உடை வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனாலும் ஐந்து பேருக்கு எடுத்தால் ஒரு ராத்திரி அறை வாடகை போய்விடும். வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சயானின் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுகிறோம். நடுவில் 1930-ல் திறந்த சுரங்கச் சாலை, 1.1 மைல். மலையின் வயிற்றுக்குள்ளேயே போகிறது, அங்கங்கே பாறையில் ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். 2024 நிலவரப்படி, பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடு ரோட்டில் விடுவார்களாம். மொத்தப் பயணத்தில் அப்பா ஆர்வமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டது இதைப் பற்றித்தான்.

பிரைஸ் போய்ச் சேர இரண்டு மணி நேரம். இந்த இடத்தில்தான் கம்பளி விஷயத்தில் நம்மாட்கள் ஏமாறுகிறார்கள். பாலைவனம் என்று பருத்திச் சட்டையோடு போய் இறங்குவார்கள். பிரைஸின் விளிம்பே 8,000 அடி, ஊட்டியை விட உயரம். பூங்காவின் தெற்குக் கோடியில் ரெயின்போ பாயின்ட் 9,115 அடி. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 8,842 அடிதான். அதற்கும் மேலே காரில் போய் நிற்கலாம். அக்டோபர் நடுவில் விடியற்காலை தண்ணீர் உறைந்துவிடும். அந்த உறைதல்தான் அங்கே சிற்பியும். விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் ராத்திரி உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும், பகலில் உருகும், மறுபடி உறையும். அப்படி நின்றுபோன தூண்களைத்தான் 'ஹூடூ' என்கிறார்கள். அந்த மண்ணின் பையூட் மக்கள் வேறு கதை சொல்கிறார்கள். கெட்ட வழியில் நடந்த ஆதி மனிதர்களைக் கயோட்டி என்ற ஓநாய் ஜாதி விலங்கு கல்லாக்கிவிட்டதாம். மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "நம்ம அகலிகை மாதிரி. ஆனா இத்தன பேருக்கு எந்த ராமர் வந்து கால் வைக்கிறது?" என்றாள்.

சனிக்கிழமை காலை சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறுகிறோம், சுமார் 3 மைல். திசை முக்கியம். குவீன்ஸ் கார்டன் பக்கம் சரிவு மெல்ல இறங்கும். செங்குத்தான நவஹோ பக்கம் ஏற்றமாக வந்துவிடும். கிளட்ச் காலுக்கு ஏற்றபடி பூங்காக்காரர்களே அந்தத் திசையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கப் பிரைஸ் பேர் போன இடம், ஆனால் 17-ம் தேதி பௌர்ணமி. தேதி போடும்போது நான் காலண்டரைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருப்பாள், என்னிடம் யார் கேட்டது? இன்னொன்றையும் பார்க்கவில்லை. யூட்டா பள்ளிகளுக்கு அக்டோபர் நடுவில்தான் விடுமுறை. கூட்டம் இருக்கும்.

பிரைஸிலிருந்து, கேப்பிடல் ரீஃப் பக்கத்தில் இருக்கும் டோரி என்ற ஊர் வரை ஹைவே 12. ஹாக்பேக் என்ற இடத்தில் ரோடு மலை முதுகின் மேலேயே போகிறது, இரண்டு பக்கமும் சரிவு. கன்று காலிகள் ரோட்டுக்கு வரும், பொழுது சாய்ந்தால் மான். எக்செல்லில் நான் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே ஓட்டுவதாக இருந்தது. அப்பா அந்த வரியில் பேனாவை வைத்து அழுத்தினார். "ஆறு மணிக்கு மேல வண்டி ஓடாது." தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஞாயிறு காலை கேப்பிடல் ரீஃப். உள்ளே மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்த ஃப்ரூட்டா என்ற பழைய குடியிருப்பின் பழத்தோட்டம் இன்னும் இருக்கிறது. அங்கே கிஃபோர்டு வீட்டில், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட 'பை' (pie) விற்பார்கள். மகள் வருவதே அதற்குத்தான். ஹிக்மன் பாலம் வரை போக வர 1.8 மைல் நடை. அதோடு சரி. மோவாப் பக்கம் இருக்கும் ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் நீக்கப்பட்டன. அங்கிருந்து திரும்பி வரும் ஐ-70 சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது என்று நான் வாய் தவறிச் சொன்ன அன்றைக்கே அவை நீங்கிவிட்டன என்று நினைக்கிறேன். ராத்திரி லாஸ் வேகஸ், திங்கள் வீடு.

நுழைவுக் கட்டணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 நிலவரப்படி காருக்கு சயான் 35, பிரைஸ் 35, கேப்பிடல் ரீஃப் 20 டாலர். வருடாந்திர பாஸ் 80 டாலர், பத்து மிச்சம் என்று பெருமையாக வாங்கிவிட்டேன். அடுத்த வாரம்தான் தெரிந்தது, இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு இலவசம், கூடக் காரில் வருகிற குடும்பத்துக்கும் சேர்த்து. இணையத்தில் பதிந்து, தாளில் அச்சடித்துக் கொண்டு போனால் போதும். என் மகள் படிப்பது நாலாம் வகுப்பு. வாங்கின பாஸைத் திருப்பித் தர முடியாது. "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு பஸ் பாஸ் இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நீயே அதுல போனவன்தானடா" என்றார் அப்பா.

நேற்று ராத்திரி அப்பா கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்தார். புறப்படும் நேரம், சேரும் நேரம், டீ, சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், புளியோதரை எந்த வேளை, சப்பாத்தி எந்த வேளை. பள்ளத்தாக்குக்குள் போனில் சிக்னல் இருக்காது என்பதால் இந்த நோட்டுதான் டாஷ்போர்டில் இருக்கப் போகிறது. மேலே ஓட்டுநர் என்று என் பெயர். நடத்துனர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதி, அடித்துவிட்டு, அம்மா பெயரை எழுதியிருந்தார். அவர் பெயர் அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள்: மாற்று ஓட்டுநர்.