ரெண்டு மணி நேரம் தூங்கிய மெஷினும் மூன்று நேரக் காவலர்களும்

காலையில் லினக்ஸ் கம்ப்யூட்டரைப் போட்டால், திறக்கிற தளமெல்லாம் போலி என்று பிரவுசர் அலறுகிறது. சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லையாம். அப்டேட் போட்டால், மென்பொருள் நிறுவித் தரும் ஏபிடியும் அதே பாட்டு: ரிலீஸ் ஃபைல் செல்லுபடியாக இன்னும் இத்தனை நாள் பாக்கி. ரவுட்டரை அணைத்துப் போட்டு, பிரவுசர் கேஷைத் துடைத்து, இன்டர்நெட் இணைப்புக்காரரைப் போனில் வறுத்தெடுத்த பிறகுதான் திரையின் மூலையில் இருக்கும் தேதி கண்ணில் படும். அது எந்தக் காலத்திலோ இருக்கும்.

மதர்போர்டில் காசு அளவில் உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்திருக்கும். அதை மாற்றுவது அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் பேட்டரி நன்றாக இருந்தாலும் கடிகாரம் ஒழுங்காக ஓடும் என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி தள்ளிப்போகும். அதனால்தான் நெட்டில் இருக்கும் நேர சர்வர்களிடம் என்டிபி என்கிற முறையில் நேரம் கேட்டுத் திருத்த, பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் தேவை. எதைப் போடுவது என்பதில்தான் வீண் சண்டைகள் நடக்கின்றன.

முதலில் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி. டெபியன் 12 போன்றவற்றில் கேட்காமலே உட்கார்ந்திருக்கும். சின்ன ஆள், கொஞ்சம் அப்பாவி. ஒரு நேரத்தில் ஒரே சர்வரைத்தான் கேட்பார். அது சொன்னதே வேதம். 32 விநாடியில் ஆரம்பித்து, எல்லாம் நிதானமானதும் 2048 விநாடிக்கு ஒருமுறை விசாரிப்பார். மற்ற மெஷின்களுக்கு நேரம் வழங்கத் தெரியாது. ஒரு நல்ல பழக்கம் உண்டு: கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்வார். ஆர்டிசி, அதாவது பேட்டரியில் ஓடும் கடிகாரம், இல்லாத ராஸ்பெர்ரி பை 4 போன்ற போர்டுகள் பூட் ஆகும்போது ரொம்பப் பின்னால் போகாமல் இருப்பது இதனால்தான். வீட்டு டெஸ்க்டாப்புக்கு இவர் போதும். இதைப் படித்துவிட்டு யாரும் இவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டாம்.

அடுத்து என்டிபிடி. பெரியவர். விதிமுறைப் புத்தகம் கையிலேயே இருக்கும். மூன்றாவது க்ரோனி. ரெட்ஹேட் 7-இல் இருந்து அங்கே இதுதான் வழக்கம், உபுண்டுவும் 25.10-இல் இதற்கு மாறிவிட்டது.

மூவருடைய குணமும் தெரிய வேண்டுமானால் ஒரு விர்ச்சுவல் மெஷினை நிறுத்தி வைத்து, ரெண்டு மணி நேரம் கழித்து எழுப்பிப் பாருங்கள். இப்போது கடிகாரம் 7200 விநாடி பின்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டைம்சிங்க்டி அடுத்த முறை விசாரிக்கும்போது பார்ப்பார், 0.4 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்காமல் ஒரே தாவல். என்டிபிடி 1000 விநாடியைத் தாண்டிய வித்தியாசத்தைப் பார்த்ததும், "இது நான் திருத்துகிற விஷயமில்லை, நீங்களே பாருங்கள்" என்கிற பாவனையில் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ராஜினாமா செய்துவிடுவார். எவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் திருத்தலாம் என்று அனுமதிக்கும் மைனஸ் ஜி கொடுத்திருந்தாலும் அந்தச் சலுகை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறைதான்.

க்ரோனி கதைதான் சுவாரசியம். பல டிஸ்ட்ரோக்களின் கான்ஃபிக் ஃபைலில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்று ஒரு வரி இருக்கும். 1 விநாடிக்கு மேல் பிசகினால் தாவலாம், ஆனால் முதல் 3 திருத்தங்களுக்குள் மட்டும் என்று அர்த்தம். அதற்கப்புறம் தாவல் கிடையாது. கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டு மெதுவாக எட்டிப்பிடிப்பார். அதிகபட்ச வேகத்தில் 1 விநாடியைச் சரிக்கட்ட 12 விநாடி. கணக்குப் போடுங்கள்: 7200 விநாடிக்கு 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள்! அத்தனை நேரமும் சர்வீஸ் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும், நேரம் மட்டும் தப்பாக இருக்கும். அடிக்கடி நிறுத்தி எழுப்புகிற மெஷின் என்றால் அந்த 3-ஐ மைனஸ் 1 ஆக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் தாவுவார். டேட்டாபேஸ் ஓடுகிற சர்வரில் இதைச் செய்யாதீர்கள். நேரம் பின்னோக்கித் தாவினால் பதிவுகளின் வரிசை கந்தலாகிவிடும்.

சர்வர், விர்ச்சுவல் மெஷின், மற்றவர்களுக்கும் நேரம் தர வேண்டிய பெட்டி, விட்டுவிட்டு வரும் நெட் — இதில் எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு க்ரோனி. மைக்ரோவிநாடிக்கும் கீழே துல்லியம் வேண்டும் என்பவர்களுக்குப் பிடிபி என்கிற வேறு நேர முறை, தனி உலகமே இருக்கிறது.

எதைப் போட்டாலும் ஒன்றை மட்டும் போடுங்கள். டெபியனில் க்ரோனியை நிறுவினால் டைம்சிங்க்டி தானாகவே விலகிக்கொள்ளும். வம்பு வருவது வேறு வழியில்: குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் யாரோ எப்போதோ செருகிவிட்டுப்போன, நேரத்தைத் திருத்தும் என்டிபிடேட், அல்லது விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசரின் கெஸ்ட் டூல்ஸ். க்ரோனி பொறுமையாக ஒரு பக்கம் இழுக்க, அது நடுராத்திரியில் மறுபக்கம் தள்ள, காலையில் புரோகிராம்களைக் கட்டும் மேக் கட்டளை "இந்த ஃபைல் எதிர்காலத்தில் திருத்தப்பட்டிருக்கிறது" என்று ஜோசியம் சொல்லும்.

சர்வர்களைப் பொறுத்தவரை ரெண்டு வைப்பது ஒன்றைவிட மோசம். ரெண்டும் முரண்பட்டால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியாது. நாலு வையுங்கள், ஒன்று கெட்டாலும் பெரும்பான்மை நிற்கும். பூல் என்று, பல சர்வர்களுக்குப் பொதுவான பெயரோடு, ஒரே வரி எழுதினால் க்ரோனி தானாக நாலு வரை பிடித்துக்கொள்ளும். எப்போதாவது கூட்டப்படும் லீப் விநாடியை ஒரேயடியாகக் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி மறைக்கும் கூகுள் சர்வர்களை மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

போட்டாயிற்று, ஆக்டிவ் என்று வந்தாயிற்று என்று எழுந்து போய்விடக்கூடாது. ஆக்டிவ் என்றால் ஆள் வேலைக்கு வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம், வேலை செய்கிறார் என்று அல்ல. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு' என்ற வரியில் யெஸ் இருக்க வேண்டும். க்ரோனியில் 'க்ரோனிசி சோர்சஸ்' கொடுத்தால் ரீச் என்ற பத்தியில் 377 வரும். 377 முறை பேசியிருக்கிறது என்று பூரிக்க வேண்டாம். அது எட்டடிமான எண் (0 முதல் 7 வரையிலான இலக்கங்களில் எழுதுவது). கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்தது, அவ்வளவே. 0 என்று நின்றால் பதிலே வரவில்லை, ஃபயர்வால் யுடிபி 123-ஐ அடைத்திருக்கலாம். நேரம் தரும் சர்வர் உண்மையானதா என்று சான்றிதழ் வைத்துச் சரிபார்க்கும் என்டிஎஸ் போட்டிருந்தால் டிசிபி 4460-உம் திறந்திருக்க வேண்டும்.

அதோடு ஒரு விசித்திர முடிச்சு. சர்வர் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் ரிசால்வர் மெஷினிலேயே ஓடி, அது டிஎன்எஸ்செக் என்கிற கையெழுத்தைச் சரிபார்த்தால், நேரம் தப்பாக இருக்கும்போது கையெழுத்து செல்லாது என்று பெயரையே தேடித் தராது. பெயர் கிடைக்காமல் நேரம் சரியாகாது, நேரம் சரியாகாமல் பெயர் கிடைக்காது. பட்டியலில் ஒரு சர்வரையாவது ஐபி முகவரியாக எழுதி வையுங்கள். என்டிஎஸ்ஸிலும் சான்றிதழை வைத்து இதே கூத்துதான். அதற்கு க்ரோனியில் 'நோ-செர்ட்-டைம்-செக் 1' என்ற அமைப்பு உண்டு. முதல் திருத்தம் வரும்வரை சான்றிதழின் தேதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.