முகத்துவாரம் அடைத்த வாரம்

சாண்டா குரூஸுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், ஒரு காலை ஜன்னலைத் திறந்ததும் கூவம் வாடை அடித்தது. சத்தியமாக. கலிபோர்னியாவில், கடலுக்கு நாலு தெரு தள்ளிய வாடகை வீட்டில், அழுகிய முட்டை நாற்றம். சாக்கடை ஏதும் உடைந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். துறைமுகத்தில் தூர் வாருகிறார்கள் என்று சிரித்தார்.

போய்ப் பார்த்தேன். 'ட்வின் லேக்ஸ்' என்ற தூர்வாரும் கலம் துறைமுக வாயில் நின்று மணலை உறிஞ்சி, குழாய் வழியே கிழக்குக் கரையில் துப்பிக்கொண்டிருந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இதே பிழைப்பு. மக்கிய கடற்பாசியும் மணலோடு கிளம்பி வருவதால்தான் அந்த வாடை.

நான் ராயபுரத்துக்காரன். 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் எழுப்பத் தொடங்கியபின், வடக்கே போகவேண்டிய மணல் தெற்கேயே தங்கி மெரினாவை அகலமாக்கியது. எங்கள் பக்கத்தைக் கடல் தின்றது. இங்கே மணல் மேற்கிலிருந்து கிழக்கே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். 1964-இல் துறைமுகம் திறந்தபோது மேற்கே சீப்ரைட் கடற்கரை அகன்றது, கிழக்கே கேப்பிடோலா மணலைப் பறிகொடுத்தது. அங்கேயும் நம் ஊர் மாதிரியே, மணலைப் பிடித்துவைக்கக் கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள்.

அந்த ஜனவரியில் புயல்மேல் புயல். தூர்வாரும் கலத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேற்குச் சுவரின் நுனியைச் சுற்றி வந்த மணல் வாய்க்குக் குறுக்கே திட்டாகப் படுத்துக்கொண்டது. மற்ற நாளில் படகுகள் சாவகாசமாகப் போகும் இடம் அது. பெரிய அலை வரும் நாளும், நீர் வற்றும் நேரமும், தூர் வாராத திட்டும் ஒன்றுசேர்ந்தால் மட்டும் அங்கே அலை உடையும். சில வருடம் உடையவே உடையாது.

சுவர்மேல் கூட்டம். தூரத்தில் சாதாரண மேடாக வந்த நீர், திட்டைத் தொட்டதும் சட்டென்று நிமிர்ந்து, உள்ளே ஆள் நிற்கும் அளவுக்குக் குடைந்து சுருண்டது. அலைச்சறுக்குப் பலகையில் நின்ற ஒருவன் அந்தக் குடைவுக்குள் மறைந்து, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நுரையோடு வெளியே துப்பப்பட்டான். பத்தடி தூரம்கூட இருக்காது. பலகை நீரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வாய்க்குள் சறுக்கக் கூடாது என்று விதி உண்டு. ரோந்துப் படகு வந்து ஒலிபெருக்கியில் கத்தும், கலைவார்கள், படகு திரும்பியதும் மறுபடி வருவார்கள். இடையில் ஒரு மீன்பிடிப் படகு இரண்டு அலைகளுக்கு நடுவே நேரம் பார்த்து உள்ளே ஓடிவந்தது. அப்போது மட்டும் யாரும் கைதட்டவில்லை.

நானும் அதற்குள் கவல்ஸ் கடற்கரையில் நாலு மாதம் பலகை பழகியிருந்தேன். 12 டிகிரித் தண்ணீர். ரப்பர் உடுப்புக்குள் நுழையவே அரை மணி நேரம். சரி, ஓரமாக, சீப்ரைட் பக்கம் இறங்குவோம் என்று போனேன். மொத்தம் ஒரே ஒரு அலை, அதுவும் வயிற்றில் படுத்தபடி. அடுத்தது என்னைப் புரட்டிக் கரையில் எறிந்தது. காதில் இரண்டு நாள் மணல்.

ராத்திரி காசிமேட்டுச் சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். விசைப்படகில் முப்பது வருஷம் போனவர். "இன்னாடா சொல்ற, அங்கயும் மொகத்துவாரம் அடைச்சிக்குதா?" அவர் குரலில் அப்படியொரு திருப்தி. அப்புறம், "அடைச்சா படகுக்காரன் அழுவான். அங்க வெளயாடுறானுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் படகு பத்திரமாக உள்ளே வந்ததா என்றார். வந்தது என்றேன்.

நாலாம் நாள் கடல் அடங்கியது, கலம் வேலையைத் தொடங்கியது. ஒரு வாரத்தில் திட்டும் இல்லை, அலையும் இல்லை. வாடை மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் மனைவி சாம்பிராணி போட்டாள். புகை உணர்கருவி அலறியது.