43 ஆணிகள்

ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த முதல் வருடம் அது. புதுக்கோட்டை மாவட்டத்து அய்யனார் கோயில்காடுகளைப் பற்றிய வேலை. காட்டில் என்னென்ன மரம் நிற்கிறது என்று எண்ணுவது ஒரு பாதி, ஊர்க்காரர்கள் ஏன் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது மறுபாதி. நான் செய்த தப்பு, மரத்திலிருந்து ஆரம்பித்தது.

மரக் கணக்கெடுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்துவிட்டு, எண் பொறித்த சின்ன அலுமினியத் தகட்டை ஆணி வைத்து மரத்தில் அடித்துவிடுவோம், அடுத்த வருடம் வந்து அதே மரத்தை அளப்பதற்காக. ஊர்த் தலைவரிடம் கடிதம் கொடுத்தாயிற்று, பூசாரியிடம் சொல்லியாயிற்று, செருப்பைக்கூட காட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டாயிற்று. வீரை, உலக்கைப்பாலை, காயா என்று மதியத்துக்குள் 43 மரத்துக்கு அடித்து முடித்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்திரி பூசாரி ஆளனுப்பினார். அவர் வேளார், மண்குதிரை செய்கிற குடும்பம். சத்தம் போடவில்லை. "தம்பி, மரத்துல எதுக்கு ஆணி அடிப்பாங்கன்னு உங்க ஊர்ல சொல்லிக் கொடுக்கலையா?" என்றார்.

எனக்கு ஏன் தெரியாது. பேய் பிடித்தவர் தலைமுடியை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அடிப்பதை எங்கள் பாட்டி ஊரில் பார்த்தே வளர்ந்தவன்தான். சுத்தியலைக் கையில் எடுத்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"பேயைக் கட்டுற மாதிரி சாமியைக் கட்டிப்புட்டீங்க."

மறுநாள் ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பூசாரியின் மனைவி பின்னாலேயே வந்து ஆணித் துளைகளில் குழைத்த மஞ்சளை விரலால் அடைத்தார்.

அப்புறம் பத்து மாதம் அங்கேதான் இருந்தேன், கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதில் 'காட்டைப் பாதுகாப்பதற்கான காரணங்கள்' என்று ஒரு கேள்வி, கீழே டிக் அடிக்க ஐந்து கட்டம். பாதுகாப்பு என்ற சொல்லை அந்த ஊரில் ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை. "அது அவர் இருக்கிற இடம், நமக்கு அங்க என்ன வேலை?" அவ்வளவுதான். காற்றில் விழுந்த கட்டை சாமிக்குப் பொங்கல் வைக்கலாம், வீட்டு அடுப்புக்கு ஒரு சுள்ளி வராது. அதே மாவட்டத்தில் குளமங்கலத்துச் சாமிக்குப் பெயரே பெருங்காரையடி மிண்ட அய்யனார். காரை மரத்தை எடுத்துவிட்டால் பெயரில் பாதி போய்விடும்.

சாமிக்கு மண்குதிரை எடுக்கிற திருவிழாதான் புரவியெடுப்பு. அதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள், ஒரு கைப்பிடி மண், அது கைக்கு வந்தால்தான் அவர் வேலையைத் தொடங்குவார். களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து முதலில் நாலு கால், அது இறுகியதும் மேலே வயிறு. இத்தனை பாடுபட்டுச் செய்து, சுட்டு, வண்ணம் தீட்டி, ஊர்வலமாகத் தூக்கிவந்து காட்டில் வைத்த குதிரையை அதன்பிறகு யாரும் தொடுவதில்லை. உடைந்தால் ஒட்டுவதும் இல்லை. பழைய குதிரை ஒன்றின் வயிற்றில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது, கழுத்து முறிந்த இடத்தில் சங்கஞ்செடி முளைத்திருந்தது.

கடைசி இரண்டு மாதத்தில்தான் மண்டபப் பேச்சு வந்தது. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். சாமி இன்னும் வெயிலிலும் மழையிலும் நிற்கிறாரே என்று அவர்களுக்கு உண்மையாகவே வருத்தம். சிமெண்ட் மண்டபம், டைல்ஸ் தரை, கும்பாபிஷேகம். இடத்துக்கு மரம் எடுக்கணும். பூக்கேட்டார்கள். இரண்டு பொட்டலம், வெள்ளைப் பூ வந்தால் சம்மதம் என்று பேச்சு, சின்னப் பெண் ஒருத்தி எடுத்தாள். வெள்ளை வந்தது. 11 மரம் போயிற்று.

அறிக்கையில் இதை 'மரபு நம்பிக்கை தேய்ந்ததன் விளைவு' என்று எழுதச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்ந்திருந்தால் யார் இத்தனை லட்சம் அனுப்புவார்கள்? சுள்ளியைத் தொடாத அதே ஆட்கள்தான், அதே சாமியைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள். வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்கள்.

கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில் நான் மண்டபத்தைச் சுற்றி மரம் மரமாகத் தடவிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: அன்றைக்குப் பிடுங்கிய ஆணிகளை அறைக்கு வந்து எண்ணியபோது 42தான் இருந்தது. பூசாரியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. தகடு எண் 17, வீரை, சுற்றளவு 94 என்று நோட்டில் இருக்கிறது. அது இப்போது காட்டில் நிற்கிறதா, அந்தப் பதினொன்றில் ஒன்றாகப் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் பூசாரி வந்து, "சாப்பிடாம இங்க என்ன தேடுறீங்க தம்பி?" என்றார். செருப்பு என்று சொல்லிவிட்டேன்.