ஒரே அட்டை, மூன்று மாநிலம்

பினாங்கின் நிபோங் தெபாலில் கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். அதை ஒட்டியே கெடாவின் பண்டார் பாரு. ஆகவே, வீடு நிலம் விற்றுக் கொடுக்கும் தொழிலுக்கு வர விரும்பும் நம் தோட்டப்புறப் பிள்ளைகள் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம் வேண்டுமா என்று கேட்பது இயல்பே. அமெரிக்காவில் வேண்டும், கலிபோர்னியா பிற மாநில உரிமத்தை ஏற்பதே இல்லை. நம் மலேசியாவில் வேண்டியதில்லை. வீடு நில முகவர்களை நெறிப்படுத்தும் 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம் கூட்டரசுச் சட்டம் என்பதால், அச்சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் அங்கீகரித்த இரண்டு நாள் பயிற்சியை முடித்து, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ்ப் பெயரைப் பதிந்துகொண்டால், கிடைக்கும் பதிவு எண் பொறித்த அட்டை எல்லா மாநிலத்திலும் செல்லும்.

ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், 'செக்காத்தான் கெப்பெந்திஙான்' (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியின் கீழ், மாநில அரசின் அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று இருந்தால், அந்த அனுமதி வரும்வரை விற்பனை நிறைவேறாது. அந்த வரியைப் படிக்காமல் முன்பணம் வாங்கும் முகவரை நான் முகவராகவே மதிப்பதில்லை.

நான் மிகவும் கவலைப்படுவது 'லோட் லிடி' எனப்படும், ஒரே கிராண்டில் துண்டு துண்டாக விற்கப்படும் நிலங்களைப் பற்றித்தான். தோட்டம் மூடப்பட்டு லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேறிய குடும்பங்கள், இழப்பீட்டுத் தொகையையும் இபிஎஃப் எனும் சேமநிதிப் பணத்தையும் சேர்த்து, பலர் பெயர் ஒரே கிராண்டில் உள்ள விவசாய நிலத்தில் வீட்டு மனையளவு துண்டு ஒன்றை வாங்கிவிடுகின்றன. தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டேருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது; எனவே அந்தத் துண்டுக்குத் தனிக் கிராண்ட் கிடைக்காது. வேறொரு தடையும் உண்டு: 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தையோ அதன் ஒரு பகுதியையோ கைமாற்றுவதற்கு, அதே சட்டத்தின் 214ஏ பிரிவு தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலைக் கேட்கிறது. நம்மவர்களிடம் இத்தகைய நிலத்தை விற்றுத் தரச் சொன்னவரிடம் நான் மறுத்துவிட்டேன், இனியும் மறுப்பேன்.

புதிதாக வருவோர் நிலத் தேடல் செய்வதை, அதாவது கிராண்டின் விவரத்தை அரசுப் பதிவேட்டில் சரிபார்ப்பதை, முதலில் பழக வேண்டும். கிராண்ட் எண்ணுக்கு முன் 'ஜி.எம்.' என்றிருந்தால் அதன் பதிவேடு மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும்: பாரிட் புந்தார் நிலத்துக்கு அங்கேயே உள்ள கிரியான் அலுவலகம், பண்டார் பாரு நிலத்துக்குக் கெடாவின் செர்டாங்கில் உள்ள அலுவலகம். 'ஜி.ஆர்.என்.' என்றிருந்தால் ஈப்போவிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள மாநிலப் பதிவகத்தில் இருக்கும்.