பலாத் தீராந்திக்குள்ள ஒரு கண்டு

மே 4
வெள்ளவத்தையில ரெண்டு ஒழுங்கை தள்ளி பழைய வீடொண்டை இடிக்கினம், பிளட், தொடர்மாடி வீடு, வரப்போகுதாம். கூரையில கிடந்த பலாத் தீராந்தி ஒண்டை, அதுதான் பெரிய உத்தரம், சிற்பம் செதுக்கிறதுக்கெண்டு விலை பேசி வாங்கி, பட்டா லொறியில ஏத்திக்கொண்டு வந்திட்டன். பச்சைப் பலா தறிக்கிறதெண்டா பெர்மிட் வேணும், எனக்கும் நிக்கிற மரத்தில உளி வைக்க மனமில்லை. வெளியால கறுத்துப் போய்க் கிடக்கு, ஆனா நுனியில ஒரு துண்டு அறுத்துப் பாத்தா உள்ளுக்கு அந்த மஞ்சள் அப்பிடியே இருக்கு. பிக்குமாரின்ட காவி உடுப்புக்கு முந்தி இந்த மரத்தை அவிச்சுத்தான் சாயம் எடுத்தவை.

மே 7
ஏன் தீராந்தி எண்டு தங்கச்சி கேட்டாள். ஜுசெப்பே பெனோனே எண்டு ஒரு இத்தாலிச் சிற்பியாலதான், 1947ல பிறந்தவர். 1968ல ஒரு இளமரத்தைப் பிடிச்சிருக்கிற மாதிரி தன்ர கையை உலோகத்தில வார்த்து மரத்திலயே பூட்டிவிட்டார், மரம் மற்ற இடமெல்லாம் பெருத்து அந்த இடத்தில மட்டும் கையைச் சுத்திப் பிதுங்கி வளர்ந்தது. அதுக்குப் பிறகு பெரிய தீராந்தியளை எடுத்து, ஒரு வளர்ச்சி வளையத்தைப் பிடிச்சபடியே செதுக்கிக்கொண்டு போய், உள்ளுக்கிருந்த இளமரத்தைக் கிளையோட வெளியில எடுத்தார். அப்பிடி 12 மீட்டர் மரம் ஒண்டு லண்டன் டேட் கலைக்கூடத்தில இருக்கு.

எனக்கு எங்கட சிற்பி லக்கி சேனநாயக்க கண்டலம ஹோட்டல்ல செய்த ஆந்தையும் உயிர், அனுராதபுரத்து இசுருமுனிய விகாரைப் பாறையில தண்ணிக்கு மேலால செதுக்கின யானையளும் உயிர். ஆனா அதெல்லாம் மனுசன் கண்ணால கண்டதைச் செய்தது. பெனோனே செய்ததில பாதி வேலை மரத்தின்ட. நானும் இந்தப் பலாவுக்குள்ள இருக்கிற கண்டை, அந்த இளமரத்தை, அப்பிடித்தான் தேடுறன்.

மே 12
வளையத்தைக் காணேல்ல! பெனோனேயின்ட மரம் குளிர்காலத்தில வளர்ச்சி நிண்டு நிண்டு வளர்ந்த லார்ச் எண்ட குளிர்நாட்டு மரம், அதில ஒவ்வொரு வருசமும் கோடு கீறின மாதிரித் தெரியும். எங்கட பலாவுக்குக் குளிர்காலம் ஏது, வருசம் முழுக்க வளருது, கோடு ஒண்டும் தெளிவா இல்லை. பின்னேரம் மருதானையிலயிருந்து தச்சுவேலை செய்யிற ஓடாவி நானா வந்து தடவித் தடவிப் பாத்திட்டு, "கணுவப் புடிச்சிட்டுப் போங்க தம்பி, அது நடுவுக்குக் கொண்டு போய் உட்டுரும்" எண்டார். உண்மைதானே, கணு எண்டது கிளையின்ட அடி, கிளை மேல்பட்டையில முளைக்கிறேல்ல, மரம் சின்னனா இருக்கேக்கயே நடுவில தொடங்கினது, பிறகு மரம் பெருக்கப் பெருக்க அதைச் சுத்தி மூடிக்கொண்டு வந்தது.

மே 13
மழை. ஒண்டும் செய்யேல்ல.

மே 20
மூண்டு கணு பிடிபட்டிட்டுது. மேல அகலமா இருந்த கணு உள்ளுக்குப் போகப் போக ஒடுங்கி, இப்ப என்ர சின்னவிரல் தடிப்பில நிக்குது, நடுக்குருத்தை நோக்கிச் சாய்ஞ்சபடி. இந்தக் கிளை துளிர்க்கேக்க கொழும்பில ஆர் இருந்திருப்பினம் எண்டு நினைச்சு உளியை வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

மே 23
மற்ற நுனியில பழைய ஆணி ஒண்டு, துருப்பிடிச்சு, சுத்திவர மரம் கறுத்திருக்கு. நானா குறடோட வந்திட்டார், "களட்டுவோம், உளி போயிரும்" எண்டு. நான் விடேல்ல. அந்த ஆணியடிச்சுக் கூரை போட்டு அதுக்குக் கீழ ஒரு குடும்பம் இருந்திருக்கு, அதுவும் இந்த மரத்தின்ட வயசுதான். ஆணி இருக்கிற பாதியைத் தீராந்தியாவே விடப்போறன், சதுரமா, வாள் தடத்தோட. மற்றப் பாதியில மட்டும் கண்டு வெளியில வரட்டும். நானாவுக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனாலும் போகேக்க தன்ர சின்ன உளியை எனக்குத் தந்திட்டுத்தான் போனார்.