ஆச்சியும் எட்டுத் துண்டு அல்வாவும்

வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துப் புழங்கிப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். இந்த வாரம் 'பிளைண்டட்'.

'பிளைண்ட்' தெரிந்தால் இதுவும் தெரிந்த மாதிரிதானே என்று நினைத்தேன். இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவரை இப்படிச் சொல்வதில்லை. வெடி, அமிலம், நோய் என்று ஏதோ ஒன்று பார்வையைப் பறித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பறித்தாலும் போதும். திங்கள் இரவு திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் எதிரே வந்த லாரி ஹை பீமை முகத்தில் அடித்தது. இரண்டு நொடி ரோடே தெரியவில்லை. நாம் 'கண் கூசுது' என்போம். அவர்களுக்கு அதுவும் பிளைண்டட். ஆசை கண்ணை மறைத்தாலும் அதேதான்.

மருந்து ஆய்வில்தான் குழம்பிப்போனேன். அங்கே யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் வைப்பதுதான் பிளைண்டட். 1784இல் பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவரின் காந்த சிகிச்சையை ஆராய்ந்த குழு நிஜமாகவே கண்ணைக் கட்டிச் சோதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் அதில் இருந்தார். இப்போது கட்டு போய்ச் சொல் மட்டும் நிற்கிறது. கண் மருத்துவ ஆய்வுகளில் பலர் 'மாஸ்க்ட்' என்றே எழுதுகிறார்கள். பின்னே, கண்ணைக் காட்ட வந்தவரிடம் 'உங்களை பிளைண்டட் ஆய்வில் சேர்க்கிறோம்' என்றால் உட்கார்ந்திருப்பாரா?

சரி, செய்தே பார்ப்போம் என்று டவுனில் ஒரு கடை, ஜங்ஷனில் ஒரு கடை என இரண்டு அல்வா வாங்கினேன். கடைக்கு நான்கு துண்டு; அது ஆச்சிக்கும் தெரியும். ஆச்சியின் கண்ணைத் துண்டால் கட்டி நானே ஊட்டி, எந்தக் கடை அல்வா என்று கேட்டேன். எட்டும் சரி! குருட்டுவாக்கில் அப்படி அமைய 70இல் ஒரு வாய்ப்புதான். அசந்துபோனேன்.

"ஏல, டவுன் அல்வான்னா நீ 'இது?'ன்னு இழுத்துல்லா கேக்க" என்று சிரித்தாள்.

மறுநாள் தொன்னைகளில் எண் எழுதி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். எது எந்தக் கடை என்று தெரியாத பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்தான். இதுதான் 'டபுள் பிளைண்டட்'. இந்த முறை ஆறு சரி. ஆறோ அதற்கு மேலோ சும்மா சொன்னாலே ஏறக்குறைய நாலில் ஒரு தடவை வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"பய நெய்க்கையோட குடுத்தாம்ல, வேற எப்படித் தெரியும்?"

ஞாயிறன்று ஸ்பூனோடு மறுபடி.