நாடாவின் தேயாத பக்கம்

இன்று மகளின் பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்தார் தையல்கடை அண்ணன்.

நாடாவின் இஞ்ச் பக்கத்தில் எண்கள் பாதி அழிந்திருந்தன. சென்டிமீட்டர் பக்கம் புதுசு போலவே இருந்தது.

அந்தத் தேயாத பக்கம் பிரெஞ்சுப் புரட்சி பெற்ற பிள்ளை.

1789க்கு முன் பிரான்சில் ஊருக்கு ஊர் வேறு அளவு. தானியம் அளக்கும் மரக்கால் பல இடங்களில் பிரபுவின் கையில். விளைச்சலில் பங்கு வாங்கும்போது அது எப்படிப் பெருத்துவிடும் என்று உழுதவனுக்குத்தான் தெரியும். அந்த ஆண்டு மன்னருக்குப் போன குறைப் பட்டியல்களில், ஒரே அளவு வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டிருந்தார்கள்.

1795இல் மீட்டர் சட்டமானது. பூமியை அளந்து எடுத்த அளவு, எந்தப் பிரபுவுக்கும் சொந்தமில்லாத அளவு. எனக்கு இன்னும் சிலிர்க்கும் இடம் இது.

ஆனால் மரக்கால் பிரபுவின் கையிலிருந்து பாரிஸில் இருந்த அரசின் கைக்குப் போனது. சந்தையில் சனங்கள் பழைய அளவை விடவில்லை. 1812இல் நெப்போலியனே இறங்கி வந்து பழைய பெயர்களை அனுமதித்தார். மீட்டர் மட்டும்தான் என்று ஆனது 1840இல்.

பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்க ஓர் இரவு போதுமாக இருந்தது, 1789 ஆகஸ்ட் 4. கையின் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டு.

"இருபத்தாறரை" என்றார் அண்ணன். இஞ்ச்தான்.